பூம்பாறையிலிருந்து வைர டாலர் வாங்கப் போகிறவர்களுக்கு

கொடைக்கானல் மலையில் இருக்கும் எங்கள் பூம்பாறையில் தங்கத்துக்கு இரண்டு இடம். ஒன்று கழுத்து, இன்னொன்று அடகுப் பெட்டகம். விதைப்பூண்டு வாங்குகிற நேரத்தில் சங்கிலி அடகுக்குப் போகும். அறுவடை முடிந்து, மூட்டைகள் மலை இறங்கி வடுகபட்டிச் சந்தையில் விலையான பிறகு வீடு திரும்பும். இடையில் மழை கெடுத்தால், விலை படுத்தால், இன்னொரு போகம் வரை அங்கேயே கிடக்கும். 2019-ல் கொடைக்கானல் மலைப்பூண்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததை ஊரே பெருமையாகப் பேசியது. அந்தப் பூண்டு மண்ணுக்குள் போவதற்குப் பின்னால் எத்தனை சங்கிலிகள் அடகில் இருந்தன என்பது எங்கள் வீட்டுப் பெண்களுக்குத் தெரியும். 2021-ல் கூட்டுறவுச் சங்கங்களில் ஐந்து பவுன் வரையிலான நகைக்கடனைத் தகுதியுள்ளவர்களுக்கு அரசு தள்ளுபடி செய்தபோது, டீக்கடையில் பல நாள் அதுதான் பேச்சு.

இப்படிப்பட்ட ஊரிலிருந்து வைரம் வாங்கப் போகிறோம் என்றால் முதலில் ஒன்றைத் தெளிவாக வைத்துக்கொள்ள வேண்டும். அடகு வைக்கப் போனால் மதிப்பீட்டாளர் வைரத்தைக் கணக்கில் எடுக்கவே மாட்டார். கல்லின் எடையைக் கழித்துவிட்டு, மீதி இருக்கும் தங்கத்துக்கு மட்டும்தான் கடன். 2025-ல் ரிசர்வ் வங்கி வெளியிட்ட தங்கக் கடன் விதிகளும் நகையில் உள்ள தங்கத்தின் மதிப்பை மட்டுமே பார்க்கச் சொல்கின்றன. கல்லுக்கு மதிப்புச் சேர்க்கக் கூடாது. லட்ச ரூபாய்க்கு வாங்கிய டாலரில் இரண்டு கிராம் தங்கம் இருந்தால், அவசரத்துக்கு அந்த இரண்டு கிராம்தான் கைகொடுக்கும்.

இதை நான் வைரத்தை வேண்டாம் என்பதற்காகச் சொல்லவில்லை. எனக்கு வைரம் பிடிக்கும். ஆசைப்பட்டு, ஒருத்தி ஆயுசு முழுக்கப் போட்டுக்கொள்ளட்டும் என்று வாங்குகிற பொருள் அது. சேமிப்புக்குத் தங்கம், ஆசைக்கு வைரம் என்று இரண்டு கணக்கையும் பிரித்து வைத்துக்கொண்டால் கடையில் மனசு தடுமாறாது. விதைப்பூண்டுப் பணத்தை எடுத்துக்கொண்டு வைரக்கடைக்குப் போகக் கூடாது. அவ்வளவுதான்.

இந்தப் பதிவை எழுத வைத்தவள் என் அக்கா மகள். கோயம்புத்தூரில் நர்ஸ் வேலை. தை பிறந்தால் கல்யாணம். "சித்தி, எனக்கு ஆரம் அட்டிகையெல்லாம் வேணாம். டூட்டிக்குப் போட்டுட்டுப் போற மாதிரி ஒத்தைக்கல் வைர டாலர் ஒண்ணு போதும்" என்று போனில் சொன்னாள். அக்காவுக்கு அது பொறுக்கவில்லை. "ஒத்தைக் கல்லா? சபையில யாரு கண்ணுக்குத் தெரியும்? பூ மாதிரி நெறையக் கல்லு வச்சு எடுப்போம்" என்றாள். மாமாவுக்கு ஒரே கேள்வி: "நாளைக்குத் திருப்பிக் கொடுத்தா என்ன கெடைக்கும்?" மூன்று பேர் கேட்டதும் நியாயமான கேள்விகள். அந்த மூன்றுக்கும் பதில் தேடித் தேடி நான் தெரிந்துகொண்டவைதான் கீழே இருப்பவை.

முதலில் ஒரு பழைய கணக்கு.

தஞ்சைப் பெரிய கோயிலுக்கு ராஜராஜனும் அவன் தமக்கை குந்தவையும் கொடுத்த நகைகளின் பட்டியல் கோயில் சுவரிலேயே வெட்டியிருக்கிறது. ஆயிரம் வருடத்துக்கு முந்தைய எழுத்து. பட்டியல் என்றால் ஏதோ "வைர நகை ஒன்று" என்று போகிற போக்கில் எழுதியது இல்லை. இந்த நகையில் வைரம் இத்தனை, மாணிக்கம் இத்தனை, முத்து இத்தனை; எடை கழஞ்சில் இவ்வளவு, மஞ்சாடியில் இவ்வளவு, குன்றியில் இவ்வளவு; மதிப்பு இத்தனை காசு. தங்கத்தை நிறுக்க ஆடவல்லான் என்று ஒரு எடைக்கல், மணிகள் பதித்த நகைகளை நிறுக்கத் தட்சிணமேரு விடங்கன் என்று தனியாக இன்னொரு எடைக்கல். நகைக்குள் அடைத்த அரக்கும் சேர்த்துத்தான் இந்த எடை என்றுகூட எழுதியிருக்கிறார்கள்.

எனக்கு உடம்பு சிலிர்த்த இடம் இதற்கு அடுத்தது. வைரங்களைப் பற்றிச் சொல்லும்போது அவற்றில் இருக்கும் குறைகளையும் எழுதியிருக்கிறார்கள். கீறல் விழுந்தது, முறிந்தது, சிவப்புப் புள்ளி உள்ளது, கறுப்புப் புள்ளி உள்ளது, வெந்தது போன்ற தடம் உள்ளது, எல்லாம் இதில் அடக்கம் என்று. கொடுத்தவன் சக்கரவர்த்தி, வாங்கிக்கொண்டது சிவன். அந்த இடத்திலும் கல்லின் குறையை மறைக்காமல் எழுத வேண்டும் என்று அந்தக் கணக்கர்களுக்குத் தோன்றியிருக்கிறது. இன்று நாம் பணம் கொடுத்து வாங்கும் டாலருக்கு அதில் பாதி விவரமாவது பில்லில் இருக்க வேண்டாமா? நான் இந்தப் பதிவில் சொல்ல வருவது இதைத்தான். கல்லின் குறையை எழுதிக் கொடுக்கிற கடையில் வாங்குங்கள். வாயால் சொல்வது எதுவும் கணக்கில் சேராது.

எங்கள் மலையிலிருந்து பெரிய நகை எடுக்கப் போகிறவர்கள் வத்தலக்குண்டு இறங்கி, திண்டுக்கல்லுக்கோ மதுரைக்கோ போவார்கள். மதுரை என்றால் தெற்காவணி மூல வீதி. கோவலன் மதுரைக்குள் நுழைந்து ரத்தினக் கடைத்தெருவைச் சுற்றிப் பார்த்ததைச் சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதை விரிவாகச் சொல்கிறது. வைரத்துக்கு உள்ள நான்கு குற்றங்களின் பெயர்களும் அங்கே வருகின்றன: காக்கையின் கால் போன்ற கீறல், களங்கம், புள்ளி, கோடு. இன்றைக்குப் பரிசோதனைக்கூடத்தில் பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் வைத்துப் பார்ப்பதும் கிட்டத்தட்ட இவற்றைத்தான். அந்தக் காப்பியத்தின் வழக்கே சிலம்புக்குள் இருந்தது மாணிக்கமா முத்தா என்பதில்தானே தீர்ந்தது. அந்த ஊருக்கு நகை வாங்கப் போகிறவர்கள் உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்கக் கூச்சப்படவே கூடாது.

கடையில் உட்கார்ந்ததும் "இது விவிஎஸ், ஈ-எஃப் கலர்" என்று சொல்வார்கள். இதில் பயப்பட ஒன்றும் இல்லை. நிறத்துக்கு ஆங்கில எழுத்து வரிசையில் டி முதல் இசட் வரை தரம். டி என்றால் துளி மஞ்சளும் இல்லாத வெள்ளை. கீழே போகப் போக மஞ்சள் ஏறும். சுத்தத்துக்கு எஃப்எல் என்று தொடங்கி விவிஎஸ், விஎஸ், எஸ்ஐ, ஐ என்று இறங்கும். விவிஎஸ் என்றால் லென்ஸ் வைத்தாலும் குறையைக் கண்டுபிடிப்பது சிரமம். விஎஸ் என்றால் லென்ஸில் தெரியும், வெறும் கண்ணுக்குத் தெரியாது. எஸ்ஐயில் சில கல்லில் கண்ணுக்குத் தெரியும், சில கல்லில் தெரியாது. ஐ என்றால் கண்ணுக்கே தெரியும்.

டாலருக்கு இதில் எது வேண்டும் என்பதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. டாலர் நெஞ்சுக்கு மேல் தொங்கும் பொருள். யாரும் முகத்துக்கு நேரே தூக்கிப் பார்க்கப் போவதில்லை. மோதிரம் என்றால் போட்டுக்கொள்கிறவளே நாளெல்லாம் அதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். டாலர் அப்படி இல்லை. மஞ்சள் தங்கத்தில் பதித்த ஜி, ஹெச் நிறக் கல்லும் டி நிறக் கல்லும் கழுத்தில் தொங்கும்போது பார்ப்பவர்களுக்கு வித்தியாசம் பிடிபடாது. விஎஸ் தாராளம்; கண்ணால் பார்த்துச் சுத்தமாக இருக்கும் எஸ்ஐ கல்லும் போதும். விவிஎஸ்ஸுக்குக் கொடுக்கும் கூடுதல் பணத்தை வெட்டுக்குக் கொடுங்கள்.

வைரம் ஜொலிப்பது வெட்டினால்தான். நிறமும் சுத்தமும் பூமிக்குள் இருந்து வந்தவை; வெட்டு மட்டும்தான் மனுஷன் கை. வட்ட வைரத்துக்கு 57 அல்லது 58 பட்டை. எந்தக் கோணத்தில் பட்டை வைத்தால் மேலே விழுந்த வெளிச்சம் உள்ளே திரும்பித் திரும்பி மறுபடி மேலேயே வரும் என்று 1919-ல் மார்செல் டோல்கோவ்ஸ்கி என்பவர் கணக்குப் போட்டு எழுதினார். கோணம் பிசகினால் வெளிச்சம் அடிவழியே ஓடிப்போகும். கல் நடுவில் செத்துக் கிடக்கும். எடை குறையக் கூடாது என்று கல்லின் வயிற்றைத் தடிமனாக விட்டு வெட்டுவதும் உண்டு. காகிதத்தில் எடை இருக்கும், கழுத்தில் பளபளப்பு இருக்காது. அதனால் எடையோடு குறுக்களவையும் கேளுங்கள். நல்ல வெட்டுள்ள வட்டக் கல் கால் கேரட் என்றால் நாலு மில்லிமீட்டருக்குச் சற்றுக் கூட இருக்க வேண்டும். அரை கேரட் ஐந்துக்குச் சற்றுக் கூட. ஒரு கேரட் ஆறரை. நாலு மில்லிமீட்டர்கூட இல்லாத கல்லைக் கால் கேரட் என்று காட்டினால், மீதி எடை அடியில் ஒளிந்திருக்கிறது.

எங்கள் ஊர் ஆட்களுக்கு இது புரியாத விஷயமே இல்லை. வடுகபட்டியில் வியாபாரி பூண்டை அள்ளி, விரலால் அழுத்தி, பல்லின் கட்டு தளர்ந்திருக்கிறதா என்று பார்த்துத்தான் விலை சொல்வார். மூட்டையின் எடையை மட்டும் பார்த்து ஒருநாளும் சொன்னதில்லை. அந்தக் கண்ணோடு கல்லைப் பாருங்கள்.

கடையின் மேற்கூரை விளக்குகளை நம்பாதீர்கள். அந்த வெளிச்சத்தில் எந்தக் கல்லும் மின்னும். டாலரை வாசல் பக்கம் எடுத்துப்போய், நேர் வெயில் படாத பகல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். ஒரு வெள்ளைக் காகிதத்தை மடித்து அதன்மேல் கல்லை வைத்தால் மஞ்சள் ஏறியிருப்பது தெரியும். பிறகு கையால் நிழல் பிடித்துப் பாருங்கள். அந்த மங்கலிலும் கல் உயிரோடு இருந்தால் வெட்டு நல்ல வெட்டு. மேகம் பாதி நாள் வீட்டுக்குள்ளேயே குடியிருக்கிற எங்கள் ஊரில் போட்டுக்கொள்ளப்போகும் நகைக்கு இந்தச் சோதனை கட்டாயம் வேண்டும்.

அக்கா கேட்ட பூ டாலருக்கு வருகிறேன். ஒரு கேரட் என்றால் 100 சென்ட். எடையில் 200 மில்லிகிராம். வைரத்தின் விலை எடைக்கு நேராக ஏறுவதில்லை. கல் பெரிதாக ஆக கேரட் விலையே ஏறும். ஐந்து சென்ட் கல் பத்தைச் சேர்த்தால் அரை கேரட். ஆனால் அரை கேரட் ஒற்றைக்கல்லின் விலை அதைப்போலப் பல மடங்கு. ஆகவே "மொத்தம் 50 சென்ட்" என்று சொன்னால் அடுத்த கேள்வி "எத்தனை கல்லு?" என்பதாக இருக்க வேண்டும். சின்னக் கற்களை இடைவெளி தெரியாமல் நெருக்கிப் பதித்து, தூரத்தில் ஒற்றைக்கல் போலத் தெரியும்படி செய்த டாலர்களும் நிறைய இருக்கின்றன. அதில் தப்பில்லை, பார்க்க அழகாகவும் இருக்கும். ஆனால் பொடிக் கல் ஒவ்வொன்றுக்கும் தனிச் சான்றிதழ் வராது; முழு நகைக்கும் சேர்த்து ஒரு காகிதம்தான். தங்கத்தில் பதித்த பிறகு சோதிப்பதால் எடையும் தரமும் தோராயமாகத்தான் அதில் இருக்கும். திருப்பிக் கொடுக்கும்போது பொடிக் கல்லுக்குக் கிடைப்பதும் குறைவு. சபைக்குத் தெரிய வேண்டும் என்றால் பூ டாலர். ஆயுசுக்கும் இருக்க வேண்டும், பிற்பாடு மோதிரமாகவோ மூக்குத்தியாகவோ மாற்றிக்கொள்ளவும் வசதி வேண்டும் என்றால் ஒற்றைக்கல். நான் அக்கா மகள் பக்கம்தான்.

இனி முத்திரை. இதில் ஏமாறுகிறவர்கள் அதிகம் என்பதால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். 2021 ஜூன் முதல் தங்க நகைக்கு ஹால்மார்க் கட்டாயம். 2023 ஏப்ரல் 1-க்குப் பிறகு, எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க அடையாளக் குறி இல்லாத நகையைக் கடைகள் விற்கக் கூடாது. நகையில் மூன்று குறிகள் இருக்கும்: பிஐஎஸ் முக்கோணம், தங்கத்தின் தரம், அந்த ஆறு இலக்கம். வைர டாலர் பெரும்பாலும் 18 கேரட் தங்கத்தில் வரும். 22 கேரட் மென்மையானது, கல்லைப் பிடித்திருக்கும் கொக்கிகள் சீக்கிரம் தேயும் என்பதால். அப்படியானால் 18K750 என்று பொறித்திருக்கும். ஆயிரத்தில் 750 பங்கு தங்கம். செல்போனில் பிஐஎஸ் கேர் செயலியை இறக்கி அந்த ஆறு இலக்கத்தைப் போட்டால் எந்தக் கடைக்காக, எந்த மையத்தில், என்ன தரமென்று முத்திரை குத்தினார்கள் என்பது வந்துவிடும். கடையில் உட்கார்ந்தபடியே பார்த்துவிடலாம். முத்திரையில் சொன்ன தரத்தைவிடத் தங்கம் குறைந்திருந்தால், அந்தக் குறைவின் மதிப்பைப் போல இரண்டு மடங்கும் சோதனைச் செலவும் கேட்டு வாங்க விதியில் இடம் இருக்கிறது.

ஆனால் இரண்டு கிராமுக்குக் குறைவான நகைக்கு இந்தக் கட்டாயம் கிடையாது. ஒத்தைக்கல் டாலர்கள் பல இரண்டு கிராமுக்குள்தான் இருக்கும்! அக்கா மகள் கேட்ட டாலரை முத்திரை இல்லாமலே விற்கலாம் என்று அர்த்தம். கட்டாயம் இல்லையே தவிர, குத்திக் கொடுக்கத் தடை ஏதும் இல்லை. "ஹால்மார்க் போட்டுத்தான் வேணும்" என்று கேளுங்கள். இல்லையென்றால் தங்கத்தின் தரத்தைப் பில்லில் எழுதி வாங்குங்கள்.

அடுத்தது, ஹால்மார்க் தங்கத்துக்கு மட்டும். கல் வைரமா கண்ணாடியா என்று அந்த முத்திரை சொல்லாது. கல்லுக்கு வேறு காகிதம் வேண்டும். ஜிஐஏ, ஐஜிஐ போன்ற பரிசோதனைக்கூடங்களின் சான்றிதழ். ஒற்றைக்கல் என்றால் சான்றிதழ் எண்ணைக் கல்லின் இடுப்புவிளிம்பில் லேசரால் பொறித்திருப்பார்கள். லென்ஸ் கேட்டு வாங்கி, எண்ணை ஒத்துப் பாருங்கள். அந்த எண்ணை அந்தக் கூடத்தின் இணையதளத்தில் போட்டால் சான்றிதழே திறக்கும். கடை தன் பெயரிலேயே அச்சடித்துக் கொடுக்கும் அட்டை சான்றிதழ் ஆகாது.

விலை எப்படிக் கூடுகிறது என்று மாமாவுக்குக் காகிதத்தில் போட்டுக் காட்டினேன். இது கணக்குக்காகச் சொல்லும் உதாரணம்தான். டாலரின் மொத்த எடை 3.200 கிராம், வைரம் 0.50 கேரட். வைரத்தின் எடை 0.100 கிராம். அதைக் கழித்தால் தங்கம் 3.100 கிராம். 18 கேரட் என்பதால் அதில் சுத்தத் தங்கம் 2.325 கிராம். தங்க விலையை 3.100-க்குத்தான் போட வேண்டும், அதுவும் 18 கேரட் விலையில். சில இடங்களில் மொத்த எடைக்கே போடுவார்கள். கல்லுக்குக் கல் விலையும் தங்க விலையும் இரண்டு தடவை கொடுத்த கணக்காகிவிடும். பிறகு கல்லின் விலை, கேரட்டுக்கு இவ்வளவு என்று. பிறகு செய்கூலி, சேதாரம். எல்லாம் கூட்டி அதன்மேல் 3 சதவீதம் ஜிஎஸ்டி. இந்த ஒவ்வொன்றும் தனித்தனி வரியாகப் பில்லில் வர வேண்டும். "பீஸ் ரேட்டுங்க மேடம், மொத்தமா இவ்ளோதான்" என்று சொன்னால், "பிரிச்சு எழுதிக் குடுங்கண்ணே, பார்த்துட்டு எடுத்துக்கிறோம்" என்று சிரித்துக்கொண்டே சொல்லுங்கள். எழுத மாட்டேன் என்றால் எழுந்துவிடலாம். மலைக்கு ஏறும் பஸ் போய்விடுமே என்ற அவசரத்தில் பலர் அந்த இடத்தில் ஒத்துக்கொள்கிறார்கள். அன்றைக்கே எடுத்தாக வேண்டும் என்று கிளம்பாமல் இருப்பது நல்லது. இரண்டு லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கடைகளுக்குச் சட்டத்தில் இடமில்லை என்பதையும் நினைவில் வைத்துக்கொண்டு வங்கிக் கணக்கைத் தயாராக வைத்திருங்கள்.

மாமாவின் கேள்விக்கான பதிலும் அந்தப் பில்லில்தான் இருக்க வேண்டும். பல கடைகள் தங்களிடம் வாங்கிய வைரத்தை அன்றைய கல் விலையில் இவ்வளவு சதவீதத்துக்குத் திரும்ப எடுப்போம் என்பார்கள். மாற்றிக்கொண்டால் ஒரு விகிதம், பணமாகக் கேட்டால் வேறு விகிதம். செய்கூலியும் வரியும் போனது போனதுதான். வேறு கடைக்குக் கொண்டுபோனால் அடிமாட்டு விலை சொல்வார்கள். ஆகவே அந்தச் சதவீதத்தைப் பில்லின் பின்னால் எழுதி முத்திரை வைத்து வாங்குங்கள்.

"ப்ளூ ஜாகர் இருக்கா?" என்று கேட்கிற பெரியவர்கள் இன்னும் உண்டு. எங்கள் ஊரில் குறைவு. ஆனால் செட்டிநாட்டிலும் சென்னையிலும் பாட்டிமார் தோட்டைக் காட்டிப் பெருமையாகச் சொல்லும் பெயர் அது. தென்னாப்பிரிக்காவில் ஜாகர்ஸ்ஃபோன்டைன் என்று ஒரு சுரங்கம். 1870-ல் அங்கே வைரம் கிடைத்தது. 1893-ல் 995 கேரட் எடையுள்ள ஒரே கல்லும் அங்கேதான் எடுத்தார்கள். வெள்ளையில் நீலம் ஓடுகிற கல்லுக்குப் பேர் போன அந்தச் சுரங்கத்தை 1971-ல் மூடிவிட்டார்கள். அதற்குப் பிறகு புதுக் கடையில் ப்ளூ ஜாகர் என்று தருவது, பாட்டி வீட்டு நகையிலிருந்து பிரித்த பழைய கல்லாக இருக்கலாம். இல்லையென்றால் அதுபோல நீலம் காட்டும் வேறு கல். அந்த நீலம் எங்கிருந்து வருகிறது என்றால், சூரிய வெளிச்சத்தில் இருக்கும் புற ஊதாக் கதிர் பட்டதும் சில வைரங்கள் நீலமாக ஒளிரும். சான்றிதழில் அதற்குத் தனி வரி உண்டு. ஒளிர்வு இல்லை, லேசு, நடுத்தரம், பலம் என்று எழுதியிருக்கும். பலமான ஒளிர்வு உள்ள கல்லுக்குச் சந்தையில் விலை குறைப்பார்கள், சில கல் வெயிலில் பால் கலந்ததுபோல மங்கும் என்பதால். மங்காத கல்லாகப் பார்த்து எடுத்தால் குறைந்த விலையில் நல்ல கல். உயரம் ஆயிரம் மீட்டர் கூடினால் புற ஊதாக் கதிர் ஏறத்தாழ 10 சதவீதம் கூடும் என்கிறார்கள். பூம்பாறை கிட்டத்தட்ட 1,900 மீட்டர். சூரியனைப் படிக்கக் கொடைக்கானலில் 1899-ல் ஆய்வகமே வைத்த மலை இது. மேகம் விலகிய காலையில் எங்கள் படிக்கட்டு வயல் நடுவே அப்படி ஒரு கல் நீலம் காட்டும் அழகுக்காகவே, லேசான ஒளிர்வு உள்ள கல்லை நான் விரும்பி எடுப்பேன்.

ஆய்வகத்தில் வளர்த்த வைரம் பற்றி அக்கா மகள்தான் கேட்டாள். அவளுடைய தோழிகள் அதைத்தான் வாங்குகிறார்களாம். அதுவும் வைரம்தான், கரிமம், அதே கடினம், அதே ஜொலிப்பு. பூமிக்கு அடியிலிருந்து எடுக்காமல் இயந்திரத்தில் வளர்த்தது. 2023 பட்ஜெட்டில் இதற்கான ஆராய்ச்சிக்குப் பணம் ஒதுக்கி, சென்னை ஐஐடியில் 242 கோடி ரூபாயில் ஒரு மையம் தொடங்கவும் மத்திய அரசு முடிவு செய்தது. விலை இயற்கை வைரத்தில் ஒரு சிறு பங்குதான், அதுவும் இறங்கிக்கொண்டே இருக்கிறது. ஜிஐஏ 2025 அக்டோபர் முதல் இந்தக் கற்களுக்குப் பழைய நிற எழுத்தும் சுத்த எழுத்தும் கொடுப்பதை நிறுத்தி, உயர்தரம், சாதாரணத் தரம் என்று மட்டும் பிரிக்கிறது. போட்டுக்கொள்ள மட்டும் என்றால் எனக்கு இதில் எந்த ஆட்சேபமும் இல்லை. ஒரே பணத்தில் பெரிய, சுத்தமான, நல்ல வெட்டுள்ள கல் கிடைக்கும். திருப்பிக் கொடுக்கும் எண்ணம் இருந்தால் மட்டும் வேண்டாம். பில்லில் 'இயற்கை வைரம்' என்றோ 'ஆய்வக வைரம்' என்றோ எழுதியிருக்க வேண்டும். வெறும் கண்ணாலோ, கடையில் வைத்திருக்கும் பேனா போன்ற சோதனைக் கருவியாலோ இரண்டையும் பிரிக்க முடியாது. அந்தப் பேனா வெப்பம் கடத்துவதைத்தான் பார்க்கிறது. மொய்சனைட் என்று வேறொரு கல் இருக்கிறது, வைரமே இல்லை, அதுகூடப் பழைய பேனாவில் வைரம் என்று தேறிவிடும். பேனா 'பீப்' என்று கத்தியதை நம்பிப் பணம் எடுத்து நீட்டாதீர்கள்.

வைரம் போலத் தோன்றும் வெள்ளைக் கல்லுக்கு நம் ஊரிலேயே பெரிய மரபு உண்டு. திருச்சியிலும் புதுக்கோட்டைப் பக்கத்திலும் வீட்டுக்கு வீடு பட்டறை போட்டுச் செயற்கைக் கல் பட்டை தீட்டினார்கள். இயந்திரத்தில் வெட்டிய கல் மலிவாக வந்து குவிந்த பிறகு அந்தத் தொழில் ஒடுங்கிப்போனது. அந்தக் கல்லை அந்தக் கல் என்றே சொல்லி விற்றார்கள், வாங்கினார்கள். அதில் ஒரு கௌரவம் இருந்தது.

எங்கள் பக்கத்தில் இன்னொரு வழக்கம் கேட்டிருக்கிறேன். வைரம் எல்லாருக்கும் ஒத்துக்கொள்ளாது, கறுப்புப் புள்ளியோ சிவப்புப் புள்ளியோ இருந்தால் வீட்டுக்கு ஆகாது, ஆகையால் கல்லைச் சில நாள் சாமி அறையில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் நகை செய்யக் கொடுக்க வேண்டும் என்பார்கள். பழைய ஆசாரிமாரும் அதற்குச் சம்மதித்துக் கல்லைக் கொடுத்தனுப்புவார்கள். அக்காவும் எங்கள் ஊர்க் கோயிலில் குழந்தை வேலப்பர் சந்நிதியில் வைத்து எடுக்க வேண்டும் என்கிறாள். வைக்கட்டும். அந்த நம்பிக்கையில் நல்லதொரு பழக்கம் இருக்கிறது. வாங்குமுன் கல்லைப் பொறுமையாக, பல வெளிச்சத்தில், வீட்டுப் பெரியவர்கள் எல்லாரும் பார்க்கிறார்கள். அதற்கு வழியில்லாத இன்றைய கடையில், எத்தனை நாளுக்குள் திருப்பிக் கொடுக்கலாம் என்பதையாவது கேட்டு எழுதி வாங்குங்கள்.

கட்டு பற்றியும் ஒரு வார்த்தை. கல்லின் பின்பக்கம் மூடியிருக்கும் பழைய கட்டு ஒன்று, பின்பக்கம் திறந்திருக்கும் கட்டு ஒன்று. மூடிய கட்டில் கல் பாதுகாப்பாக இருக்கும். ஆனால் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்க்க முடியாது, வெளிச்சமும் குறையும், உள்ளே தண்ணீர் போனால் கறுக்கும். தினமும் போடுகிற ஒற்றைக்கல் டாலருக்குத் திறந்த கட்டே நல்லது. நாலு கொக்கி பிடித்த கல்லைவிட ஆறு கொக்கி பிடித்த கல் பத்திரம்; ஸ்வெட்டரும் சால்வையும் எட்டு மாதம் போட்டுக்கொள்கிற ஊரில் கம்பளி நூல் கொக்கியில் மாட்டி இழுத்துக்கொண்டே இருக்கும். கல்லைச் சுற்றித் தங்க விளிம்பு வளைத்த கட்டு அதற்கும் மேல் பத்திரம். நர்ஸ் வேலைக்குக் கையுறையும் மேலங்கியும் மாற்றி மாற்றிப் போடுகிறவளுக்கு நான் அதைத்தான் சொல்லியிருக்கிறேன். டாலர் மாட்டும் வளையம் சங்கிலி சுலபமாக ஓடும் அளவுக்கு அகலமாக இருக்கிறதா, அதன் ஒட்டு முழுசாகச் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். கல் தொலைவது ஒரு பக்கம். டாலரே கழன்று பூண்டு வயலில் விழுந்தால் தேடி எடுக்க முடியாது.

வைரத்துக்கு எண்ணெய்ப் பிசுக்கு நன்றாக ஒட்டும். சுரங்கங்களில் உடைத்த பாறைத் துகளைத் தண்ணீரோடு கிரீஸ் தடவிய மேசைமேல் ஓடவிட்டு, ஒட்டிக்கொள்ளும் வைரத்தை மட்டும் பிரித்தெடுத்ததே இந்தக் குணத்தை வைத்துத்தான். தேங்காய் எண்ணெய் தடவிய தலை, வேர்வை, முகத்துக்குப் போடும் கிரீம், எல்லாம் சேர்ந்து கல்லின் அடியில் படிந்தால் எவ்வளவு நல்ல வெட்டும் மங்கிவிடும். வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்சம் சோப்பு கரைத்து, ஊறவைத்து, மெல்லிய பிரஷால் பின்பக்கமும் தேய்த்து எடுத்தால் திரும்பப் பளிச்சென்று வரும். மூடிய கட்டு நகையைத் தண்ணீரில் ஊறவைக்கக் கூடாது. ஈரத்துணியால் துடைத்தால் போதும். வருஷத்துக்கு ஒருமுறை, மலை இறங்கும்போது, கொக்கிகளை ஆசாரியிடமோ கடையிலோ காட்டிவிட்டு வாருங்கள். பில்லும் சான்றிதழும் எங்கள் ஊர் ஈரத்தில் பூத்துப்போகும், கடைப் பில்லின் எழுத்து வெளுத்தும் போகும். வாங்கிய அன்றைக்கே இரண்டையும் போனில் படம் எடுத்து, வீட்டில் இன்னொருத்தர் போனுக்கும் அனுப்பி வைத்துவிடுங்கள்.